வாசலில் நிற்கும் கடிதம்

சொந்த சர்வரிலிருந்து புறப்படும் மின்னஞ்சல் பல சமயம் போய்ச் சேர்வதில்லை. சேர வேண்டுமானால் இன்னொருவரின் நற்பெயரைக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. அந்தக் கடனுக்கும் வட்டி உண்டு.

மகாராஷ்டிரத்திலோ ஆந்திரத்திலோ ஏதோ ஒரு மாவட்டத் தலைநகரில் ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடம் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். காலையில் வெறும் வயிற்றில் வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போகிறவர்களுக்கு மாலையில் முடிவு மின்னஞ்சலில் போய்விடும் என்பது ஏற்பாடு. அதற்காக ஓர் இளைஞர் மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறார். மாதம் சில நூறு ரூபாய் வாடகையில் எங்கோ ஒரு சர்வர் ஓடுகிறது. மாலை ஆறு மணிக்கு கவுண்டரில் இருக்கும் பெண் பட்டனை அழுத்துகிறார். 'அனுப்பப்பட்டது' என்று திரை சொல்கிறது. அவர் கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிறார்.

மறுநாள் காலை ஒரு முதியவரின் மகன் வந்து நிற்கிறார். "நேற்றே அனுப்புவதாகச் சொன்னீர்கள், ஒன்றும் வரவில்லையே?" கவுண்டரில் இருப்பவர் திரையைத் திருப்பிக் காட்டுகிறார். அனுப்பியாகிவிட்டது, சந்தேகமே இல்லை. ஆனால் அப்பாவின் பொட்டாசியம் அளவு ஏறியிருப்பதை, உடனே டாக்டரைப் பார்க்கவேண்டும் என்பதைச் சொல்லும் காகிதம் ஓர் இரவு முழுக்க யார் கண்ணிலும் படாமல் கிடந்திருக்கிறது.

இந்தப் பரிசோதனைக்கூடம் கற்பனை. ஆனால் இந்தக் காட்சி நாட்டில் தினமும் ஏதோ ஓர் ஊரில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. பரிசோதனை முடிவுக்குப் பதிலாக அது ஹால் டிக்கெட்டாக இருக்கலாம், நேர்முகத் தேர்வுக்கான அழைப்பாக இருக்கலாம், பாஸ்வேர்டை மறந்தவர் கேட்ட புதிய இணைப்பாக இருக்கலாம். அனுப்பியவர் அனுப்பியதாக நினைக்கிறார், பெறவேண்டியவர் அனுப்பவே இல்லை என்று நினைக்கிறார். இருவருமே பொய் சொல்லவில்லை. கடிதம்தான் நடுவழியில் ஏதோ ஒரு வாசலில் நின்றுவிட்டது.

இதற்குத் தீர்வாகச் சொல்லப்படுவது 'ரிலே'. சொந்த சர்வர் நேரடியாகக் கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்காமல், அதற்கென்றே இருக்கும் வேறொரு சர்வரிடம் ஒப்படைத்துவிடுவது. அது உலகம் முழுக்கக் கொண்டுபோய்க் கொடுக்கும்.

இதற்குப் பொருத்தமான தமிழ்ச் சொல் ஏற்கெனவே இருக்கிறது. தபாலுக்கும் 'அஞ்சல்' என்கிறோம். தில்லியிலிருந்து வரும் செய்தியறிக்கையை மற்ற வானொலி நிலையங்கள் வாங்கி ஒலிபரப்புவதையும் 'அஞ்சல் செய்வது' என்றே வானொலி நேயர்கள் பல காலமாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே சொல்லாக அமைந்தது பொருத்தமே. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் தபால் துறைக்கே 'அஞ்சல்' என்றுதான் பெயர். மணி கட்டிய கோலை ஏந்தி அஞ்சலோட்டக்காரர் ஓடுவார்; மணியோசை கேட்டதும் மற்றவர்கள் வழிவிடவேண்டும். அவர் ஓர் எல்லைவரை ஓடிப் பையை அடுத்தவரிடம் ஒப்படைப்பார். 1951இல் அந்தத் துறை இந்தியத் தபால் துறையோடு இணைக்கப்படும்வரை அந்தப் பெயர் வழங்கியது. கடிதம் என்றாலே கைமாறிப் போவது என்பது அந்த ஏற்பாட்டின் அடிப்படை.

மின்னஞ்சலும் அப்படித்தான் பிறந்தது. 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதி வெளியிட்ட எஸ்.எம்.டி.பி. என்ற நெறிமுறைதான் இன்றுவரை மின்னஞ்சலின் அடித்தளம். அதன்படி இரண்டு கணினிகள் பேசிக்கொள்வது ஏறக்குறைய இரண்டு தபால்காரர்கள் பேசிக்கொள்வது போல இருக்கும். முதலில் வணக்கம், பிறகு 'இன்னாரிடமிருந்து', பிறகு 'இன்னாருக்கு', கடைசியில் கடிதம். எதிரில் இருப்பது 250 என்ற எண்ணைச் சொன்னால் பெற்றுக்கொண்டதாக அர்த்தம். 4இல் தொடங்கும் எண் என்றால் 'இப்போது முடியாது, பிறகு வா'. 5இல் தொடங்கினால் 'வரவே வராதே'. இந்தப் பேச்சுவார்த்தைக்கென ஒதுக்கப்பட்ட கதவு எண் 25. கணினிக்காரர்கள் 'போர்ட்' என்பது இதைத்தான்.

அந்த நாட்களில் யார் கடிதம் கொடுத்தாலும் எந்த சர்வரும் வாங்கி அடுத்ததிடம் தள்ளிவிடும். அடையாளம் கேட்பதில்லை. இணைப்புகள் குறைவு, எல்லாம் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும். ஒருவருக்கொருவர் செய்யும் உதவி அது. இந்தியாவின் மின்னஞ்சலும் இப்படிப்பட்ட கைமாறலில்தான் தொடங்கியது. 1986இல் தொடங்கிய எர்நெட் திட்டத்தில் ஐந்து ஐ.ஐ.டி.க்கள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், பம்பாயில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம் ஆகியவை சேர்ந்திருந்தன. சென்னையிலோ கான்பூரிலோ உட்கார்ந்து ஒரு பேராசிரியர் வெளிநாட்டுக்கு எழுதிய கடிதம் பம்பாய் மையத்துக்குப் போய், அங்கிருந்து தொலைபேசி இணைப்பில் கடல் கடக்கும். பொதுமக்களுக்கு விதேஷ் சஞ்சார் நிகாம் 1995 ஆகஸ்ட் 15இல் இணையத்தைத் திறந்துவிடும் வரை நாட்டின் மின்னஞ்சலில் பெரும்பகுதி இப்படி ஒரு சில வாசல்கள் வழியாகவே போய்வந்தது.

நம்பிக்கையின்மேல் கட்டிய எந்த ஏற்பாட்டுக்கும் நேர்வது இதற்கும் நேர்ந்தது. 1990களின் நடுவில் இணையம் வியாபாரிகளின் கைக்கு வந்தபோது, திறந்து கிடக்கும் இந்த சர்வர்கள் கண்ணில் பட்டன. ஒரே ஒரு கடிதத்தையும் ஆயிரக்கணக்கான முகவரிகளையும் யாரோ ஒருவரின் சர்வரிடம் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். மிச்ச வேலையை அது பார்த்துக்கொள்ளும், இணைப்புக்கான செலவு அதன் சொந்தக்காரர் தலையில். விளம்பரம் செய்தவர் யாரென்றே தெரியாது. திட்டு வாங்குவது மட்டும் சர்வர் வைத்திருந்த அப்பாவிக் கல்லூரி.

எதிர்வினை கடுமையாக இருந்தது. 1997இல் பால் விக்ஸி முதலானோர், குப்பைக் கடிதங்களுக்கு இடம் கொடுக்கும் சர்வர்களின் கறுப்புப் பட்டியலைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு ஸ்பாம்ஹாஸ் அமைப்பு வந்தது. பட்டியலில் இருக்கும் எண்ணிலிருந்து எது வந்தாலும் கதவு திறக்காது. அதே 1998இல், அன்று பெரும்பாலான சர்வர்களில் ஓடிய 'சென்ட்மெயில்' மென்பொருளின் 8.9 பதிப்பு, அந்நியரின் கடிதத்தைக் கைமாற்றும் வசதியை முன்கூட்டியே அணைத்து வைத்து வெளியானது. வேண்டுமென்றால் சொந்தக்காரரே திறந்துகொள்ளலாம். டிசம்பரில், சொந்த ஆட்கள் கடிதம் ஒப்படைப்பதற்கு மட்டும் தனியாக 587 என்ற கதவு ஒதுக்கப்பட்டது. அங்கே யார் என்று சொல்லி, கடவுச்சொல் கொடுத்தால்தான் உள்ளே விடலாம் என்பது பழக்கமாயிற்று.

எல்லோரும் இதை ஏற்கவில்லை. இணைய உரிமைகளுக்கான எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷனைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் கில்மோர், தன் சர்வரைப் பழைய முறைப்படி திறந்தே வைத்திருந்தார். பேச்சுரிமையின் பெயரால் அவர் அதைப் பிடிவாதமாக ஆதரித்தார். 2001இல் அவருக்கு இணைப்பு கொடுத்த நிறுவனத்துடன் அது பெரிய தகராறாகவே முடிந்தது. கொள்கை அவர் பக்கம் இருந்ததோ இல்லையோ, காலம் இல்லை. திறந்த ரிலே வைத்திருப்பது வீட்டு வாசலைத் திறந்துபோட்டுவிட்டு ஊருக்குப் போவதற்குச் சமம் என்பது அதற்குள் பொதுப்புத்தி ஆகிவிட்டிருந்தது.

இன்றைய நிலையில் கடிதம் கொண்டுவரும் கணினியைப் பெறுகிற சர்வர் ஏறக்குறைய போலீஸ் விசாரணை செய்கிறது. முதல் கேள்வி: உன் எண் என்ன? வீட்டு இணைப்புகளுக்குத் தரப்படும் எண்கள் தனிப்பட்டியலில் இருக்கின்றன. அவற்றிலிருந்து நேரடியாக வரும் கடிதத்துக்குப் பல இடங்களில் அனுமதியே இல்லை. இரண்டாவது: அந்த எண்ணைத் திருப்பித் தேடினால் ஒரு பெயர் வருகிறதா? அந்தப் பெயரைத் தேடினால் மறுபடி இதே எண் வருகிறதா? மூன்றாவது: இந்த எண்ணிலிருந்து இதற்கு முன் என்ன வந்தது? வாடகை சர்வரில் இந்தக் கேள்விதான் விபரீதம். இன்று பரிசோதனைக்கூடத்துக்குக் கிடைத்திருக்கும் எண்ணை ஆறு மாதத்துக்கு முன் லாட்டரி மோசடிக்காரர் ஒருவர் வைத்திருந்திருக்கலாம். முந்தைய குடித்தனக்காரர் வைத்துவிட்டுப்போன கடனுக்குப் புதிதாகக் குடிவந்தவரின் கதவைத் தட்டுவது போன்றதுதான் இது.

பல சமயம் அந்த விசாரணைவரைகூடக் கடிதம் போவதில்லை. குப்பைக் கடிதத் தொல்லைக்கு அஞ்சி, சர்வர் வாடகைக்கு விடும் நிறுவனங்களே 25ஆம் எண் கதவை வெளிப்பக்கம் பூட்டி வைத்திருக்கின்றன. கூகுள் கிளவுடில் அது பொதுவாகத் திறப்பதில்லை. அமேசானில் காரணம் சொல்லி விண்ணப்பித்தால் திறக்கலாம். எழுதிக் கொடுத்த இளைஞருக்கு இது தெரியாவிட்டால், கடிதங்கள் சர்வருக்குள்ளேயே வரிசையில் நின்று, போஸ்ட்ஃபிக்ஸ் போன்ற மென்பொருளில் வழக்கமான ஏற்பாட்டின்படி ஐந்து நாட்கள் முயன்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். ரத்தப் பரிசோதனை முடிவுக்கு ஐந்து நாள் என்பது ஒரு யுகம்.

இந்தச் சூழலில்தான் ரிலே சேவை ஒரு தொழிலாக வளர்ந்தது. அமேசானின் எஸ்.ஈ.எஸ். 2011 முதல் இருக்கிறது. செண்ட்கிரிட், மெயில்கன் போன்ற சேவைகள் இருக்கின்றன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவுக்கு ஸெப்டோமெயில் இருக்கிறது. இவை விற்பது கம்பியோ கணினியோ அல்ல, நற்பெயர். பல ஆண்டுகளாக ஒழுங்காகக் கடிதம் கொண்டுவந்த எண்கள் இவர்களிடம் இருக்கின்றன. வாசலில் இருப்பவருக்கு இவர்களைத் தெரியும். சிறிய பரிசோதனைக்கூடம் அந்தப் பரிச்சயத்தை வாடகைக்கு எடுக்கிறது.

சர்வரில் செய்யவேண்டிய வேலை, வியக்கத்தக்க அளவுக்குச் சிறியது. வீட்சே வெனமா எழுதி 1998இல் வெளிவந்த போஸ்ட்ஃபிக்ஸ் இன்று பரவலாகப் பயன்படுகிறது. அதில் 'ரிலேஹோஸ்ட்' என்ற ஒரு வரியில் சேவை நிறுவனத்தின் சர்வர் பெயரையும் 587 என்ற எண்ணையும் எழுதவேண்டும். பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் போடுவது முக்கியம். போடாவிட்டால், அந்தப் பெயருக்கு வரும் கடிதங்களை எந்த சர்வர் பெறுகிறது என்று தேடிக்கொண்டு மென்பொருள் வேறு வாசலுக்குப் போய்விடக்கூடும். அடுத்து, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உள்ள ஒரு தனிக் கோப்பு. அதை நிர்வாகி தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டி வைக்கவேண்டும். பிறகு, அடையாளம் காட்டுவதைக் கட்டாயமாக்கும் ஒரு வரி. மறையாக்கம் இல்லாமல் கடவுச்சொல் போகவே கூடாது என்று சொல்லும் இன்னொரு வரி. 587க்குப் பதில் தொடக்கத்திலிருந்தே மறையாக்கத்துடன் பேசும் 465ஆம் எண்ணையும் பயன்படுத்தலாம். 2018 முதல் இணையத் தர அமைப்பு பரிந்துரைப்பது அந்த முறையைத்தான். ஆனால் போஸ்ட்ஃபிக்ஸில் அதற்குத் தனியாக ஒரு வரி சேர்க்கவேண்டும். மொத்தமாக ஐந்தாறு வரிகள். தெரிந்தவருக்கு அரை மணி நேர வேலை.

ஆனால் இதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். வாசலில் நிற்பவர் தெரிந்த தபால்காரர் என்றாலும், அவர் கையில் இருக்கும் கடிதம் உண்மையிலேயே பரிசோதனைக்கூடம் எழுதியதுதானா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அதற்கான பதிலை சர்வரில் அல்ல, பரிசோதனைக்கூடத்தின் டொமைன் பெயர்ப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். மூன்று பதிவுகள்.

முதல் பதிவு எஸ்.பி.எஃப். 'எங்கள் பெயரில் கடிதம் கொண்டுவர இன்னின்னாருக்கு அனுமதி உண்டு' என்ற அறிவிப்பு. ரிலே நிறுவனத்தை இதில் சேர்க்கவேண்டும். இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, பழைய அறிவிப்பு ஒன்று இருக்க, புதியதாக இன்னொன்றை எழுதிவைப்பது. ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. ஒரே அறிவிப்பிலும் பத்து தேடல்களுக்குமேல் தேவைப்பட்டால் அதுவும் செல்லாது.

இரண்டாவது டிகிம். பழைய காலத்து அரக்கு முத்திரை. கடிதம் புறப்படும்போது ஒரு ரகசியச் சாவியால் முத்திரை வைக்கப்படுகிறது. முத்திரையைச் சரிபார்க்கும் பொதுச் சாவி பதிவேட்டில் கிடைக்கும். வழியில் யாராவது ஒரு வார்த்தையை மாற்றினாலும் முத்திரை பொருந்தாது.

மூன்றாவது டிமார்க். இதைப் புரிந்துகொள்ள ஒன்று தெரியவேண்டும். மின்னஞ்சலில் அனுப்புநர் பெயர் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று உறையின்மேல், மற்றது உள்ளே கடிதத் தலைப்பில். படிப்பவர் கண்ணில் படுவது தலைப்பு மட்டும்தான். எஸ்.பி.எஃப். சோதிப்பதோ உறையை. மோசடிக்காரர் உறையில் தன் பெயரை ஒழுங்காகப் போட்டுவிட்டு, உள்ளே வங்கியின் பெயரை எழுதிவிடலாம். உறையோ முத்திரையோ, இரண்டில் ஒன்றாவது தலைப்பில் இருக்கும் பெயரோடு ஒத்துப்போக வேண்டும், ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்யவேண்டும் என்று சொல்வதுதான் டிமார்க். தொடக்கத்தில் 'ஒன்றும் செய்யவேண்டாம், தகவல் மட்டும் அனுப்பு' என்று வைத்துச் சில வாரம் கவனித்துவிட்டுப் பிறகு இறுக்குவது புத்திசாலித்தனம். எடுத்த எடுப்பில் 'நிராகரி' என்று எழுதினால் சொந்தக் கடிதங்களே குப்பைக்குப் போகும்.

இவையெல்லாம் முன்பு விரும்பினால் செய்யலாம் என்று இருந்தன. 2024 பிப்ரவரியிலிருந்து நிலைமை மாறியது. ஜிமெயிலுக்கு எழுதும் எவரும் எஸ்.பி.எஃப்., டிகிம் இரண்டில் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும். நாளொன்றுக்கு 5,000 கடிதங்களுக்குமேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம். பெறுபவர்கள் 'இது ஸ்பாம்' என்று சொல்லும் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. யாஹூவும் அதே நேரத்தில் இதே வழியில் வந்தது. 2025 மே மாதத்தில் மைக்ரோசாஃப்டும் தன் அவுட்லுக் முகவரிகளுக்கு இதுபோன்ற விதிகளைக் கொண்டுவந்தது. இந்தியாவில் தனிப்பட்ட மின்னஞ்சல் வைத்திருப்பவரில் ஜிமெயில் இல்லாதவரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும் என்பதால், நடைமுறையில் இவை நாட்டின் தபால் சட்டங்களாகவே ஆகிவிட்டன. எந்த நாடாளுமன்றமும் இவற்றை விவாதிக்கவில்லை.

செலவுக்குப் பயந்து, தனிப்பட்ட ஜிமெயில் கணக்கையே ரிலேயாகப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. ஒரு நாளைக்கு 500 பேருக்குமேல் போகாது என்பது ஒரு பக்கம். 2022 மே 30க்குப் பிறகு வெறும் கடவுச்சொல்லைக் கொடுத்து நுழைய கூகுள் தனிநபர் கணக்குகளை அனுமதிக்கவில்லை என்பது இன்னொரு பக்கம். இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி, அதற்கென்று தனியாக ஒரு 'ஆப் பாஸ்வேர்ட்' வாங்கவேண்டும். பழைய மென்பொருளும் ஸ்கேன் செய்து மின்னஞ்சல் அனுப்பும் அலுவலக நகலெடுக்கும் எந்திரங்களும் திடீரென்று ஊமையாகிப் போனதற்கு இதுதான் காரணம். கிளார்க்குகள் மெக்கானிக்கைக் கூப்பிட்டு எந்திரத்தைக் கழற்றிப் பார்க்கச் சொன்னார்கள்.

ரிலே நிறுவனங்களும் கண்ணை மூடிக்கொண்டு யாருக்கும் தங்கள் பெயரைத் தருவதில்லை. அமேசானில் புதிதாகச் சேருபவருக்கு முதலில் 24 மணி நேரத்துக்கு 200 கடிதங்கள்தான், அதுவும் முன்கூட்டியே சரிபார்த்த முகவரிகளுக்கு மட்டும். யாருக்கு, எதற்காக அனுப்பப்போகிறோம் என்று எழுதிக்கொடுத்து அனுமதி பெற்ற பிறகே வெளியுலகம். திரும்பிவரும் கடிதங்கள் 5 சதவீதத்தைத் தொட்டால் கணக்கு கண்காணிப்பில் வைக்கப்படும். 10 சதவீதமானால் நிறுத்திவைக்கப்படலாம். கவுண்டரில் அவசரத்தில் முகவரியைத் தப்பாகத் தட்டச்சு செய்வதுகூட இங்கே நற்பெயர் சம்பந்தப்பட்ட விஷயமாகிவிடுகிறது.

இன்னும் சூட்சுமமான ஓர் ஆபத்து இருக்கிறது. ஒரு முகவரியிலிருந்து ஒருமுறை கடிதம் திரும்பி வந்துவிட்டால், பல ரிலே நிறுவனங்கள் அந்த முகவரியைத் தடைப் பட்டியலில் சேர்த்துவிடுகின்றன. அடுத்த முறை பரிசோதனைக்கூடம் அனுப்பும்போது ரிலே அதைப் பெற்றுக்கொள்ளும், 250 என்று சொல்லும், ஆனால் எடுத்துக்கொண்டு போகாது. பரிசோதனைக்கூடத்து சர்வரின் பதிவேட்டில் 'அனுப்பப்பட்டது' என்றே எழுதப்படும். அந்தச் சொல்லின் உண்மையான அர்த்தம், 'அடுத்த கைக்கு மாற்றப்பட்டது' என்பது மட்டும்தான். அஞ்சலோட்டக்காரர் தன் எல்லைவரை ஓடி முடித்துவிட்டார். அதற்கப்பால் பை என்ன ஆயிற்று என்பது அவருக்குத் தெரியாது.

ஆகவே, ரிலே அமைப்பவர் செய்யவேண்டிய உண்மையான வேலை அந்த ஐந்தாறு வரிகளுக்குப் பிறகே தொடங்குகிறது. திரும்பிய கடிதங்களைப் பற்றிய தகவலை ரிலே நிறுவனம் தரும். அதை வாங்கி, கவுண்டர் திரையில் 'போய்ச் சேரவில்லை, தொலைபேசியில் சொல்லவும்' என்று காட்டும் ஏற்பாடு வேண்டும். பெரும்பாலான சிறு நிறுவனங்களில் இந்தத் தகவல் யாரும் திறக்காத ஓர் அஞ்சல்பெட்டியில் போய் விழுகிறது. சோதித்துப் பார்ப்பதற்கும் எளிய வழி உண்டு. ஒரு ஜிமெயில் முகவரிக்கு ஒரு கடிதம் அனுப்பி, அதன் மூல வடிவத்தைக் காட்டச் சொன்னால், மூன்று சோதனைகளிலும் தேறியதா என்று அங்கேயே எழுதியிருக்கும்.

கடவுச்சொல் விஷயத்தில் அலட்சியம் கூடாது. இணையதளத்தின் மென்பொருளோடு சேர்த்து அதை எழுதிவைத்து, அந்த மென்பொருளை எல்லோரும் பார்க்கும் இடத்தில் போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இதற்காகவே தேடிக்கொண்டு அலையும் தானியங்கி மென்பொருள்கள் உண்டு. கையில் கிடைத்துவிட்டால், பரிசோதனைக்கூடத்தின் பெயரில், முறையான முத்திரையோடு, வங்கி மோசடிக் கடிதங்கள் புறப்படும். 1990களில் திறந்த ரிலேக்குக் கடவுச்சொல் தேவைப்படவில்லை. இன்று கடவுச்சொல் கசிந்த ரிலே அதைவிட மோசம், ஏனென்றால் வாசலில் இருப்பவர் இதை நம்பி உள்ளே விடுவார்.

இனி வட்டி. ரிலேயிடம் கடிதம் போகும் பாதை மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். ரிலேயிலிருந்து பெறுபவரின் சர்வர்வரை உள்ள பாதையும் பெரும்பாலும் அப்படியே. ஆனால் நடுவில், ரிலேயின் கணினிக்குள், கடிதம் உறை பிரிந்த நிலையில் இருக்கிறது. முதியவரின் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்பதை அவருடைய மகனுக்கு முன்பாக ஒரு மூன்றாம் நிறுவனத்தின் கணினி தெரிந்துகொள்கிறது. தனிநபர் தகவல் பாதுகாப்புக்கான 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ரிலேயிடம் வேலையை ஒப்படைத்தாலும் பொறுப்பு பரிசோதனைக்கூடத்திடமே இருக்கிறது. 'அவர்கள்தான் அனுப்பினார்கள்' என்று கைகாட்ட முடியாது. முடிவையே மின்னஞ்சலில் வைக்காமல், 'உங்கள் முடிவு தயார்' என்ற ஒரு வரியையும், அடையாளம் காட்டித் திறக்கவேண்டிய ஓர் இணைப்பையும் மட்டும் அனுப்புவதே நல்லது. முடிவு அபாய எல்லையைத் தாண்டியிருந்தால் அதற்கு மின்னஞ்சல் போதாது, தொலைபேசிதான்.

பெரிய வட்டி வேறொன்று. யார் வேண்டுமானாலும் தபால் நிலையம் திறக்கலாம் என்று தொடங்கிய ஏற்பாடு இது. சொந்தமாகத் தபால் நிலையம் வைத்திருப்பதை இன்றும் யாரும் தடைசெய்யவில்லை, ஆனால் அங்கே முத்திரை குத்திய கடிதத்தை வாங்கத்தான் ஆள் இல்லை. பெறுகிற பக்கம் இரண்டு மூன்று பெரிய நிறுவனங்கள், அனுப்புகிற பக்கம் விரல்விட்டு எண்ணக்கூடிய ரிலேக்கள். ஒரு ரிலே நிறுவனம் விலையை ஏற்றினாலோ, விளக்கம் சொல்லாமல் கணக்கை முடக்கினாலோ சிறியவர் முறையிட இடமில்லை. இதற்கு முழுமையான பரிகாரம் கிடையாது. ஓரளவு தற்காப்பு உண்டு. டொமைன் பெயரையும் பதிவேட்டையும் தன் கையிலேயே வைத்திருப்பது, முத்திரை தன் பெயரிலேயே விழும்படி பார்த்துக்கொள்வது. அப்படிச் செய்தால் சேர்த்த நற்பெயரில் ஒரு பங்காவது ரிலேயோடு போய்விடாமல் டொமைனோடு தங்கும். 'ரிலேஹோஸ்ட்' வரியை மாற்றி, புதிய ரிலேயைப் பதிவேட்டில் சேர்த்துவிட்டு வேறிடம் போய்விடலாம்.

குப்பைக் கடிதம் அனுப்பியவர்கள் திருடியது சில கல்லூரிகளின் இணைப்புச் செலவை மட்டுமல்ல. அறிமுகமில்லாதவரின் கடிதத்தையும் வாங்கிக் கைமாற்றிவிடும் பழக்கத்தையும் சேர்த்துத்தான். அது திரும்பப்போவதில்லை. இப்போது செய்யக்கூடியது, கையில் கொடுத்ததோடு கடமை முடிந்ததாக எண்ணாமல் இருப்பதுதான். கவுண்டரில் இருக்கும் பெண் மாலையில் கணினியை அணைப்பதற்கு முன் திரையில் 'அனுப்பப்பட்டது' என்ற சொல்லுக்கு அடுத்து இன்னொரு வரி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். 'போய்ச் சேரவில்லை: ஒன்று' என்று அங்கே இருந்தால், தொலைபேசியை எடுக்கவேண்டும். அந்த ஒரு வரியைத் திரையில் வரவழைப்பதுதான், மென்பொருள் எழுதிக் கொடுத்த இளைஞர் செய்யாமல் விட்ட வேலை.